ஆறு மாசத்துல முடியுமா டாக்டரம்மா?

பல் சீரமைப்புக்கு வருகிறவர்களில் வலிக்குமா என்று கேட்பவர்கள் குறைவு. எவ்வளவு ஆகும் என்று கேட்பவர்கள் அதிகம். எப்போது முடியும் என்று கேட்காதவர்களை நான் இதுவரை பார்த்ததில்லை. திருநெல்வேலியில் கிளினிக் தொடங்கிய காலத்திலிருந்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதே என் வேலையில் பெரும்பகுதி. கேள்விக்குப் பின்னால் எப்போதும் ஒரு தேதி இருக்கும். பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம். பையன் நீட் பயிற்சிக்கு நாமக்கல் விடுதியில் சேரப்போகிறான். துபாயிலிருந்து வந்தவர் லீவு முடிந்து திரும்ப வேண்டும்.

"மாப்ள வீட்ல தை மாசம்ங்காவ. ஆறு மாசத்துல முடிச்சிருவீங்களா டாக்டரம்மா? சீக்கிரம் நவுத்துறதுக்கு ஏதோ மெஷின் வந்திருக்காமே?" என்று கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டுவார்கள்.

மெஷின் வந்தது உண்மைதான். அதோடு லேசரும் வந்தது, எலும்பில் துளையிடும் கருவியும் வந்தது, அறுவைச் சிகிச்சையும் வந்தது. இவற்றில் சிலவற்றை நானே செய்து பார்த்திருக்கிறேன், சிலவற்றை மாநாடுகளில் கேட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். பல்லை வேகமாக நகர்த்துவது பற்றி இத்தனை வருடத்தில் என் கைக்குத் தெரிந்ததையும், நான் நம்பும் ஆய்வுகள் சொல்வதையும் இங்கே எழுதுகிறேன்.

கணக்கு

முதலில், ஏன் இவ்வளவு நாளாகிறது என்பது. எங்கள் ஊரில் அதிகம் வருவது தூக்குப்பல். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குள் முன்பற்களைக் கொண்டுபோகும் சிகிச்சை அது. எடுத்த பல்லின் அகலம் சுமார் 7 மில்லிமீட்டர். அந்த இடைவெளி மூடுவது மாதத்துக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். ஆக இடைவெளி மூட மட்டுமே ஆறேழு மாதம். அதற்கு முன் கோணல்மாணலாக இருக்கும் பற்களை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர நாலைந்து மாதம். மூடியபின் வேர்களை நிமிர்த்தி, மேல்கீழ்ப் பற்கள் கடிக்கும்போது பொருந்தச் செய்ய இன்னும் சில மாதம். கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை வருடம் வரும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வந்த ஆய்வு, கம்பிச் சிகிச்சையின் சராசரிக் காலம் 19.9 மாதம் என்றும் நோயாளி வரவேண்டிய தடவை சுமார் 18 என்றும் சொன்னது. நான் காகிதத்தில் போட்டுக் காட்டும் கணக்கும் இதை ஒட்டித்தான் வரும்.

கணக்கைப் பார்த்ததும் கேள்வி மாறும். அந்த 1 மில்லிமீட்டரை 2 ஆக்க முடியாதா என்பார்கள். இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்கிறவர்களும் பல வருடங்களாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மெழுகில் நகரும் பல்

முதுநிலைப் படிப்பின் தொடக்கத்தில் எங்களுக்கு நோயாளியைத் தரமாட்டார்கள். டைப்போடான்ட் தருவார்கள். இரும்புச் சட்டத்தில் மெழுகுத் தாடை, அதில் ஊன்றிய பற்கள். கம்பியைப் பிடித்துக்கொள்ளும் பிராக்கெட்டைப் பல்லில் ஒட்டி, கம்பி வளைத்துக் கட்டி, சட்டத்தோடு வெந்நீரில் முக்க வேண்டும். மெழுகு இளகும், பற்கள் கண்முன்னே நகரும். நோயாளிக்கு இரண்டு வருடம் ஆகிற வேலையை ஒரு மதியத்தில் முடித்துவிட்டு, உலகத்தையே நேராக்கிவிடலாம் என்ற தைரியத்தோடு விடுதிக்குத் திரும்புவோம்.

டைப்போடான்ட் கற்றுத்தருவது கம்பியின் இயக்கத்தை மட்டும்தான். எந்த வளைவு எந்தப் பல்லை எந்தப் பக்கம் திருப்பும் என்பது அதில் தெரியும். உடம்பு என்ன செய்யும் என்பது தெரியாது. மெழுகு இளகுவதற்குச் சூடு போதும். எலும்பு இளகுவதில்லை. உயிருள்ள செல்கள் வந்து அதைக் கரைக்க வேண்டும்.

பல் நேரடியாக எலும்பில் ஊன்றியிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு நார்த்திசு இருக்கிறது. பெரியோடான்டல் லிகமென்ட் என்பது அதன் பெயர். பல்லை ஒரு பக்கமாகத் தள்ளும்போது முன்பக்கம் இந்தத் திசு அமுங்குகிறது, பின்பக்கம் இழுபடுகிறது. அமுங்கிய பக்கம் ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் வந்து எலும்பைக் கரைக்கின்றன. இழுபட்ட பக்கம் ஆஸ்டியோபிளாஸ்ட் செல்கள் புது எலும்பு வைக்கின்றன. முன்னால் கரைந்து பின்னால் வளர்ந்தால்தான் பல் ஓரடி எடுத்து வைக்கும். இந்தச் செல்கள் வருவதும் உயிரோடிருப்பதும் ரத்த ஓட்டத்தைப் பொறுத்தது.

எங்கள் ஊர்ப் பெரியவர்கள் புரிந்துகொள்ளத் திணறும் இடம் இதுதான். "நல்லா இறுக்கிக் கட்டுங்கம்மா, சீக்கிரம் உள்ள போவட்டும்" என்பார்கள். இறுக்கிக் கட்டினால் அந்த மெல்லிய திசுவில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கும். ரத்தம் போகாத இடத்தில் திசு செத்துப்போகும். நுண்ணோக்கியில் பார்த்தால் அந்த இடம் கண்ணாடிபோல் தெரியும் என்பதால் ஹையலினைசேஷன் என்கிறோம். அங்கே எலும்பைக் கரைக்க ஆளில்லை. பின்னாலிருக்கும் எலும்பிலிருந்து செல்கள் குடைந்து வந்து சேரும்வரை இரண்டு மூன்று வாரம் பல் அசையாமல் நிற்கும். கூலியாட்கள் வரும் பாதையை அடைத்துவிட்டு வேலை நடக்கவில்லை என்று கத்துவதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை.

1904இல் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சான்ஸ்டெட் நாய்களின் பற்களை நகர்த்தி, திசுவை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்து இதைக் கண்டார். 1932இல் ஷ்வார்ஸ், அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராமுக்குள் இருப்பது நல்லது என்றார். நுண்குழாய்களில் ரத்தம் ஓடும் அழுத்தத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. இன்று நாங்கள் படிக்கும் பாடநூலின்படி, ஒரு பல்லை வேரோடு சாயாமல் நகர்த்த 70 முதல் 120 கிராம் போதும். பல்லை எலும்புக்குள் அமுக்க 10 முதல் 20 கிராம்தான். டான்ட்ரிக்ஸ் கேஜ் என்ற பேனா போன்ற கருவியை வைத்து இந்த விசையை அளப்போம். என் மேஜையில் அது எப்போதும் இருக்கும். வலுவாக இழுத்தால் வேகமாக வரும் என்று நினைக்கும் புது மாணவர்களுக்கு முதலில் நான் கையில் கொடுப்பது அதைத்தான்.

உண்மையில் வேகம் கூட்டியவை

சென்ற நூற்றாண்டில் இந்தத் தொழிலின் வேகத்தைக் கூட்டியவை எவை என்று பார்த்தால், அவற்றில் ஒன்றுகூட வேகம் என்ற பெயரில் விற்கப்பட்டதில்லை.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் இருந்த ரேமண்ட் பெக், எங்கள் துறையின் தந்தை எனப்படும் எட்வர்ட் ஆங்கிளிடம் அமெரிக்காவில் படித்தவர். ஊருக்குத் திரும்பி, ஆர்தர் வில்காக் என்ற உலோகவியலாளரோடு சேர்ந்து மெல்லிய, விறைப்பான எஃகுக் கம்பியை உருவாக்கினார். குறைந்த விசையிலேயே பற்கள் சிரமமில்லாமல் நகர்வதைக் காட்டினார். எங்கள் ஆசிரியர்களின் தலைமுறை இந்தியாவில் பெக் முறையைத்தான் படித்தது. வளையம் வளையமாகக் கம்பியை வளைக்கும் அவர்கள் கைத்திறனை இன்றைக்கும் வியப்போடுதான் பார்க்கிறேன்.

1955இல் மைக்கேல் புவனோகோர் பல் எனாமலின்மேல் அமிலம் தடவி, அதன்மேல் பிசின் ஒட்டும் என்று காட்டினார். அதற்கு முன் ஒவ்வொரு பல்லுக்கும் உலோக வளையம் மாட்ட வேண்டும். வளையம் நுழைய முதலில் பற்களைப் பிரித்து இடம் உண்டாக்க வேண்டும். பிராக்கெட்டைப் பல்மீது நேரடியாக ஒட்டலாம் என்றானதும் பல நாள் வேலை ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது.

அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ப்யூலர் கண்டெடுத்த நிக்கல்-டைட்டானியக் கலவையை, அயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் 1970களின் தொடக்கத்தில் பல் கம்பிக்குக் கொண்டுவந்தார். 1980களின் நடுவில் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் இன்னும் நெகிழ்ச்சியான வகைகள் வந்தன. கோணலான பல்லுக்குள் எஃகுக் கம்பியை நுழைத்தால் முதல் வாரம் அதிக விசை, பிறகு ஒன்றுமில்லை. நிக்கல்-டைட்டானியம் வளைந்து கிடந்தாலும், பாதி நேரானாலும் ஏறக்குறைய ஒரே மென்விசையைத் தரும். நோயாளி வீட்டில் இருக்கும் மாதம் முழுக்கப் பல் வேலை செய்துகொண்டிருக்கும். எனக்குத் தெரிந்த சிறந்த வேகக் கருவி 0.014 அங்குலம் பருமனுள்ள அந்தக் கம்பிதான். விலையும் பெரிதில்லை.

அடுத்தது லாரன்ஸ் ஆண்ட்ரூஸின் ஸ்ட்ரெய்ட் வயர் முறை. கம்பியில் செய்யவேண்டிய சின்னச் சின்ன வளைவுகளையெல்லாம் பிராக்கெட்டுக்குள்ளேயே வைத்துவிட்டார். இன்று உலகெங்கும் போடும் பிராக்கெட்டுகள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை.

விற்க வந்தவை

என் காலத்தில் முதலில் வந்தது செல்ஃப் லைகேட்டிங் பிராக்கெட். சாதாரண பிராக்கெட்டில் கம்பியை ஒரு சிறு ரப்பர் வளையம் போட்டுக் கட்டுவோம். இதில் பிராக்கெட்டிலேயே சின்னக் கதவு உண்டு. உராய்வு குறைவு, ஆகையால் சிகிச்சை மாதக்கணக்கில் குறையும் என்று கம்பெனிக்காரர்கள் சொன்னார்கள். நானும் வாங்கிப் போட்டேன். கம்பி மாற்றும் நேரம் சில நிமிடம் குறைந்தது, உதவியாளருக்குச் சந்தோஷம். நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து நடத்திய ஆய்வுகளோ, மொத்தச் சிகிச்சைக் காலத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லின.

அடுத்து அதிர்வுக் கருவி. வாயில் ஒரு தட்டைக் கடித்துக்கொண்டு தினமும் 20 நிமிடம் உட்கார வேண்டும். வினாடிக்கு 30 முறை மெல்ல அதிரும். பெங்களூரில் வேலை பார்த்த ஒரு மென்பொருள் பொறியாளர் வெளிநாட்டிலிருந்து அதை வரவழைத்துக்கொண்டு வந்தார். ஒரு நாள் விடாமல் கடித்தார். அவர் சிகிச்சை சிக்கலில்லாமல், நான் முதலில் சொன்ன காலத்தில் முடிந்தது. கருவியால்தான் என்று அவர் சொன்னார். தினமும் 20 நிமிடம் ஒழுங்காகக் கடிக்கிற மனிதர் ஒரு அப்பாயின்ட்மென்டும் தவறவில்லை, ஒரு பிராக்கெட்டும் உடைக்கவில்லை, ரப்பர் பேண்டைச் சொன்னபடி மாட்டினார் என்பதை நான் கவனித்தேன். 2015இல் இங்கிலாந்தில் 81 இளம் நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மையான கருவி, ஒரு குழுவுக்கு அதிராத போலிக் கருவி, ஒரு குழுவுக்கு ஒன்றுமில்லை. பற்கள் நேராகும் வேகம் மூன்றிலும் ஒன்றுபோலவே இருந்தது.

லேசரும் ஒளிக்கருவியும் அப்படித்தான். சில ஆய்வுகள் கொஞ்சம் வேகம் என்றன, சில இல்லை என்றன. அலைநீளம், நேரம், எத்தனை முறை என்பதெல்லாம் ஆய்வுக்கு ஆய்வு வேறு. அறுவை இல்லாத வேகமுறைகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு 2015இல் வந்தது, 2023இல் புதுப்பிக்கப்பட்டது. அதிர்வோ ஒளியோ சிகிச்சையைக் குறிப்பிடும்படி சுருக்குகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை என்பதே அதன் சாரம். கண்காட்சி அரங்குகளில் எனக்குக் கருவி விற்க வந்தவர்களிடம் இதைச் சொன்னதும் உரையாடல் மரியாதையாக முடிந்துவிடும்.

கத்தியின் வழி

அறுவை சம்பந்தப்பட்ட முறைகளின் கதை வேறு. அவற்றுக்கு உயிரியல் அடிப்படை இருக்கிறது. எலும்பில் காயம் பட்டால் அதைச் சுற்றிலும் பழைய எலும்பு கரைந்து புது எலும்பு உண்டாகும் வேலை பல மடங்கு வேகமெடுக்கும். எலும்பு மருத்துவரான ஹாரால்ட் ஃப்ராஸ்ட் 1980களில் இதை விளக்கினார். முறிந்த எலும்பு கூடுவதும் இந்த வழியில்தான். அப்படியானால் பல்லைச் சுற்றிய எலும்பில் நாமே சிறு காயம் செய்தால் என்ன என்பதே யோசனை.

1959இலேயே ஹைன்ரிஷ் கோலே எலும்பின் மேலோட்டில் வெட்டுகள் போட்டுப் பற்களை நகர்த்தினார். எலும்புத் துண்டே பல்லோடு சேர்ந்து நகர்கிறது என்று அவர் நினைத்தார். 2001இல் அமெரிக்காவின் வில்கோ சகோதரர்கள், அப்படியல்ல, வெட்டிய இடத்தைச் சுற்றி எலும்பின் சுண்ணம் தற்காலிகமாகக் குறைந்து அது மிருதுவாகிறது, அதனால்தான் பல் சீக்கிரம் நகர்கிறது என்று சி.டி. படங்களை வைத்து விளக்கினார்கள். ஈறை விலக்கி, எலும்பின் மேலோட்டைக் கீறி, மேலே எலும்புத் தூளும் வைத்து மூடுவது அவர்கள் முறை. நெருக்கமான பற்களை ஏழு மாதத்துக்குள் சீராக்கிய இரண்டு நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள்.

ஈறு மருத்துவரான என் தோழியோடு சேர்ந்து, தேர்ந்தெடுத்த சில பெரியவர்களுக்கு நானும் இதைச் செய்திருக்கிறேன். பற்கள் வேகமாக நகர்வதை என் கண்ணால் பார்த்தேன். ஆனால் அந்த வேகம் சில மாதங்களில் அடங்கிவிடும். அதற்குள் பயன்படுத்திக்கொள்ள நோயாளி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வந்தாக வேண்டும். சீக்கிரம் முடிய வேண்டும் என்று அவசரப்படுகிறவர்களில் பலர் ஊரில் இருக்க முடியாதவர்கள், அதனால்தான் அவசரப்படுகிறார்கள். வளைகுடாவில் வேலை பார்ப்பவருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாருங்கள் என்று சொல்ல முடியுமா? வராதவருக்கு ஈறைத் திறந்தது வீண். முன்பக்க எலும்பு மிக மெல்லியதாக இருப்பவர்களுக்கு எலும்புத் தூள் வைப்பது வேறு வகையில் உதவும். அவர்களுக்கு மட்டும் இன்றும் இதைப் பரிந்துரைக்கிறேன், வேகத்துக்காக அல்ல.

பிறகு ஈறைத் திறக்காமலே செய்யும் மைக்ரோ ஆஸ்டியோ பெர்ஃபரேஷன் வந்தது. மரத்துப்போகும் ஊசி போட்டு, பல் எடுத்த இடத்தில் திருகு போன்ற கருவியால் எலும்பில் மூன்று சிறு துளைகள். 2013இல் நியூயார்க்கில் 20 பேரிடம் செய்து, கோரைப்பல் 2.3 மடங்கு வேகமாக நகர்ந்தது என்றார்கள். அந்த எண்ணை எல்லா மாநாட்டிலும் திரையில் போட்டார்கள். ஆய்வு நடந்தது 28 நாள் மட்டுமே என்பதைச் சிறு எழுத்தில் போட்டார்கள். 2018இல் ஜோர்டானில் 32 பேரிடம் ஒரு பக்கம் துளையிட்டு, மறுபக்கம் இடாமல் மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரு பக்கமும் ஒரே வேகம். நானும் சம்மதித்த சிலருக்குச் செய்தேன். முதல் மாதம் கொஞ்சம் முன்னால் போனதுபோல் தெரியும் பக்கத்தை, இடைவெளி மூடி முடிகிறபோது மறுபக்கம் எட்டிப் பிடித்துவிடும். இப்போது செய்வதில்லை.

இவற்றையெல்லாம்விட அதிசயமாக நான் படித்தது, தைவானில் லியூவும் ஹுவாங்கும் 1998இல் எழுதியது. பல் எடுத்த குழியின் ஒரு சுவரை மெலிதாக்கி, திருகுக் கருவியால் தினமும் இழுத்து, கோரைப்பல்லை மூன்றே வாரத்தில் 6.5 மில்லிமீட்டர் நகர்த்தினார்கள். நடக்கிற காரியம்தான். ஆனால் கோரைப்பல் பின்னால் போய்ச் சேர்வது சிகிச்சையில் ஒரு கட்டம். முன்பற்கள் நான்கும் வேர் நேராக அதைத் தொடர வேண்டும், கடி பொருந்த வேண்டும். ஒரு கட்டத்தைச் சுருக்கினால் மொத்தமும் அதே விகிதத்தில் சுருங்குவதில்லை.

அறுவை உண்மையாகவே காலத்தைச் சுருக்கும் ஓரிடம் உண்டு. தாடையே முன்னால் நீண்டோ பின்னால் உள்வாங்கியோ இருந்து, தாடை அறுவை எப்படியும் தேவைப்படுகிறவர்களுக்கு, முன்பெல்லாம் ஒரு வருடத்துக்கு மேல் கம்பி போட்டுவிட்டுப் பிறகுதான் அறுவை. அந்தக் காலத்தில் முகத்தோற்றம் முன்பைவிட மோசமாகத் தெரியும். ஜப்பானிய மருத்துவர்கள் 2009இல் அறுவையை முதலில் செய்து கம்பியைப் பின்னால் வைத்தார்கள். அறுவையால் எலும்பு விழித்துக்கொண்டிருக்கும் மாதங்களில் பற்கள் விரைவாக நகர்கின்றன. எல்லோருக்கும் பொருந்தாது, பொருந்துகிறவர்களுக்கு நல்ல வழி.

எங்கே போகிறது நேரம்

முடிந்த சிகிச்சைகளின் அட்டைகளை எடுத்து, சொன்ன காலத்தைத் தாண்டியவை ஏன் தாண்டின என்று பார்ப்பது என் பழக்கம். எலும்பு மெதுவாக வேலை செய்ததால் தாண்டியவை மிகக் குறைவு. மற்றவற்றில் காரணம் அட்டையிலேயே எழுதியிருக்கும்.

முதல் காரணம் பிராக்கெட் உடைவது. எங்கள் பக்கத்தில் இதற்குப் பருவம் உண்டு. பொங்கலுக்குக் கரும்பும் பனங்கிழங்கும், தீபாவளிக்கு முறுக்கு, வருடம் முழுக்கக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். பண்டிகை முடிந்த வாரம் கிளினிக் நிறைந்திருக்கும். உடைந்த பிராக்கெட்டை ஒட்டப் பத்து நிமிடம்தான். ஆனால் அது உடைந்த நாளிலிருந்து வந்து சேரும்வரை பல் தன் இஷ்டத்துக்குத் திரும்பியிருக்கும். தடித்த கம்பியைக் கழற்றி மறுபடி மெல்லிய கம்பியிலிருந்து தொடங்க வேண்டும். ஃபுளோரைடு மிகுந்த தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எனாமலில் பிசின் பிடிப்பதே கஷ்டம். அவர்களிடம் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன்.

இரண்டாவது, வராமல் இருப்பது. கம்பியின் விசை தீர்ந்தபின் பல் சும்மா நிற்கும். விடுதிக்குப் போகிற பிள்ளைகளின் பெற்றோரிடம் விடுமுறைத் தேதிகளை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்கிறேன். வேறு ஊருக்கு நிரந்தரமாகப் போகிறார்கள் என்றால், அங்குள்ள சீரமைப்பு மருத்துவரிடம் படங்களோடு சிகிச்சையை ஒப்படைத்துவிடுவேன். வருமானம் போகும், ஆனால் பிள்ளைக்கு ஒரு வருடம் மிச்சமாகும்.

மூன்றாவது ரப்பர் பேண்ட். மேல் பல்லிலிருந்து கீழ்ப் பல்லுக்கு மாட்டும் அந்தச் சின்ன வளையத்தைச் சாப்பிடும் நேரம் தவிர நாள் முழுக்கப் போட வேண்டும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்கிறார்கள் என்று இரவில் மட்டும் போடும் பிள்ளைக்குப் பல் முன்னும் பின்னும் ஆடும், வலிக்கும், நகராது. கம்பி வேண்டாமென்று, கழற்றி மாட்டும் தட்டான அலைனர் போடுகிறவர்களுக்கும் இதே விதிதான். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போடவில்லையென்றால் அடுத்த தட்டு பொருந்தாது.

நான்காவது ஈறு. சரியாகத் துலக்காத வாயில் ஈறு வீங்கிப் பிராக்கெட்டை மூடும். அதை ஆற்றாமல் மேலே போக முடியாது.

ஐந்தாவது எங்கள் பக்கத்தில் இருக்கிறது. பிராக்கெட்டை அரை மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினால் கடைசி மாதங்கள் அதைத் திருத்துவதிலேயே போகும். ஆகவே சிகிச்சையின் நடுவில் எக்ஸ்ரே எடுத்து, வேர்கள் சாய்ந்த இடங்களில் பிராக்கெட்டைக் கழற்றிச் சரியாக ஒட்டிவிடுகிறேன். பின்பற்கள் முன்னால் வந்து இடத்தைத் தின்றுவிடும் அபாயம் இருந்தால் தொடக்கத்திலேயே எலும்பில் மினி ஸ்க்ரூ போட்டுப் பிடிமானம் எடுத்துக்கொள்கிறேன். இழந்த இடத்தைத் திரும்பச் சம்பாதிப்பதுபோல் நேரம் தின்கிற வேலை வேறில்லை.

மாத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. பல் நகர்வதற்குத் தேவையான அழற்சி வேதிப்பொருள்களில் ஒன்று ப்ராஸ்டகிளாண்டின். ஐபூப்ரூஃபன் வகை வலிமாத்திரைகள் அதைத் தடுக்கின்றன. தொடர்ந்து போட்டால் பல் நகர்வது மெதுவாகலாம் என்பதால், கம்பி கட்டிய முதல் சில நாள் வலிக்குப் பாராசிட்டமால் சொல்கிறோம். எலும்புத் தேய்மானத்துக்காக பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள் அதைக் கட்டாயம் முதலிலேயே சொல்ல வேண்டும். அந்த மருந்து, எலும்பைக் கரைக்கும் செல்களையே முடக்குவது.

கல்யாணத் தேதி இருக்கிறவர்களுக்கு

இப்படியெல்லாம் சொல்லி யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. மணப்பெண்ணுக்கு ஆறு மாதம் இருக்கிறதென்றால், முன்பற்களின் கோணல் அதற்குள் பெரும்பாலும் நேராகிவிடும். கல்யாணத்துக்கு முன் முன்பக்கப் பிராக்கெட்டுகளை மட்டும் கழற்றி, பற்கள் திரும்பாமலிருக்கக் கண்ணாடிபோன்ற ரிடெய்னர் கொடுத்துவிடுவேன். மறுவீட்டு விருந்தெல்லாம் முடிந்து வந்தால் திரும்ப ஒட்டித் தொடரலாம். பல்லின்மேல் எடுப்பாகத் தெரியாத நிறத்தில் செராமிக் பிராக்கெட்டும் இருக்கிறது. போட்டோவுக்கு இடைஞ்சல் இருக்காது.

எனக்கு மனம் பொறுக்காத ஒன்று உண்டு. ஒரு வாரத்தில் தூக்குப்பல்லை உள்ளே தள்ளித் தருகிறோம் என்று சில இடங்களில் விளம்பரம் செய்கிறார்கள். அங்கே பல் எதுவும் நகர்வதில்லை. சொத்தையில்லாத நல்ல முன்பற்களுக்கு வேர்ச்சிகிச்சை செய்து, நான்கு பக்கமும் ராவி, உள்நோக்கிச் சாய்த்துக் கேப் மாட்டிவிடுகிறார்கள். இருபது வயதுப் பெண்கள் அப்படிச் செய்துகொண்டு, கேப் கழன்றோ ஈறு வீங்கியோ சில வருடம் கழித்து என்னிடம் வந்திருக்கிறார்கள். ராவிய எனாமலை யாராலும் திருப்பித் தர முடியாது.

வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேசாத இன்னொன்று ரிடெய்னர். பல்லைச் சுற்றிய ஈறு நார்கள் புது இடத்துக்குப் பழக ஒரு வருடம்வரை ஆகும். ஆறு மாதத்தில் நகர்த்தினாலும் இரண்டு வருடத்தில் நகர்த்தினாலும் அந்த நார்கள் பழைய இடத்துக்கே இழுக்கும். சீக்கிரம் முடிந்துவிட்டது என்று ரிடெய்னரைப் பெட்டிக்குள் வைப்பவர்கள், அடுத்த வருடம் மறுபடி கம்பிக்கு வருவார்கள்.

ஆகவே சிகிச்சை தொடங்கும் முன் உங்கள் மருத்துவரிடம் நாலு கேள்வி கேளுங்கள். என் வாய்க்கு எத்தனை மாதம், அதில் எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு? பல் எடுக்க வேண்டுமா, ஏன்? எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும்? முடிந்தபின் ரிடெய்னர் எவ்வளவு காலம்? பிறகு சொன்ன நாளில் போய் நில்லுங்கள், கடலைமிட்டாயைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள். இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை, மிச்சமாவதோ மாதக்கணக்கில். பல்லை இன்னும் வேகமாக நகர்த்துகிறேன் என்று யாராவது தனிக் கட்டணம் கேட்டால், எத்தனை மாதம் குறையும் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள்.